அப்பா எழுதாத கட்டுரை

தூத்துக்குடியில் எஸ். முத்துச்செல்வி என்று ஒரு மருத்துவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஸ் என்றால் சுடலைமுத்து. அவருடைய அப்பா, உப்பளத்தில் உப்பு வாரியவர். மகள் இரண்டு வருடம் அலைந்து உப்பளத் தொழிலாளர்களின் கண் பாதிப்பு பற்றித் தரவு சேர்த்து, ஒரு மருத்துவ இதழுக்குக் கட்டுரை அனுப்பப்போகிறார். இதழின் இணையப் படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். இரண்டின் ஓரத்திலும் சிவப்பு நட்சத்திரம். இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல முத்துச்செல்வி, சுடலைமுத்து என்று நிரப்புகிறார். கட்டுரை வெளியாகிறது. வேறொருவர் அதை மேற்கோள் காட்டும்போது ரெஃபரன்ஸ் பட்டியலில் வருவது: "சுடலைமுத்து எம்". சரி, முதல் கட்டத்தில் பெயரையும் இரண்டாவதில் வெறும் எஸ்ஸையும் போட்டிருந்தால்? "எஸ் எம்". இரண்டே எழுத்து, ஆளே இல்லை. லாஸ்ட் நேம் இல்லையே என்று பெயரை இரண்டாக உடைத்து முத்து, செல்வி என்று போட்டிருந்தால் "செல்வி எம்". கல்யாணமாகாத யாரோ ஒரு எம். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரை எழுதிவிடுகிறவர்களும் உண்டு. "முத்துச்செல்வி எம்" என்று வரும். அந்த எம் யாரென்று அவருக்கே தெரியாது.

முத்துச்செல்விதான் கற்பனை, மற்றதெல்லாம் இல்லை. மருத்துவர்களின் கட்டுரைகளை இதழ்கள் கேட்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த நான்கு வகையும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. போன வருடம் ஒரு பி.ஜி. மாணவி போன் பண்ணினார். "அண்ணே, லாஸ்ட் நேம்ல அப்பா பேரப் போட்டுட்டேன். இப்ப என் பேப்பர யார் சைட் பண்ணாலும் எங்கப்பா பேர்லதான் வருது. மாத்த முடியுமாண்ணே?" முடியும். இதழுக்கு எழுதி, அவர்கள் ஒத்துக்கொண்டு, திருத்த அறிவிப்பு போட்டு, அது தரவுத்தளங்களுக்குப் போய்ச் சேர்ந்தால் முடியும். அதற்குள் மேற்கோள் காட்டியவர்கள் காட்டியதுதான். கைடு என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதெல்லாம் ஃபார்மேட் விஷயம்மா, விடு" என்றாராம்.

இந்தக் கட்டுரை அந்த 'விடு'வுக்கு எதிரானது.

ஃபார்மேட் வந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1978இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடினார்கள். ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு வடிவம் கேட்டால் எழுதுகிறவன் என்ன செய்வான் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். தட்டச்சு இயந்திரக் காலம். ஓர் இதழ் மறுத்தால் அடுத்த இதழுக்காக முழுப் பட்டியலையும் மறுபடி அடிக்க வேண்டும். 1979இல் பொது விதிகள் வெளியாயின. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் மேற்கோள்களுக்கான வடிவத்தை உருவாக்கிக் கொடுத்தது. மருத்துவம் படித்தவர்கள் எல்லாரும் 'வான்கூவர் ஸ்டைல்' என்று சொல்வது இதைத்தான். குடும்பப் பெயர் முதலில், பின்னால் இனிஷியல்கள், இனிஷியலுக்குப் புள்ளி கிடையாது. ஆறு பேருக்கு மேல் போனால் 'எட் ஆல்'. பிறகு தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், வருடம், தொகுதி, பக்கம். (எல்லாருக்கும் ஒரே வடிவம் என்று தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? ஜொடேரோ போன்ற மேற்கோள் மென்பொருள்களில் இன்று தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் பாணிகள் 10,000க்கும் மேல். என் பிழைப்பு ஓடுவதற்கு அதுதான் காரணம் என்பதால் அதைப் பற்றி அதிகம் புலம்பமாட்டேன்.)

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வான்கூவர் பாணியும் தமிழ் இனிஷியலும் அடிப்படையில் சண்டைக்காரர்களே இல்லை. ஜி. என். ராமச்சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்கள் 'ராமச்சந்திரன் பிளாட்' படிக்கிறார்கள். ஜி என்பது திருநெல்வேலிப் பக்கத்துக் கோபாலசமுத்திரம். என் என்பது அப்பா. 1963இல் வந்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரை ரெஃபரன்ஸ் பட்டியல்களில் "ராமச்சந்திரன் ஜிஎன், ராமகிருஷ்ணன் சி, சசிசேகரன் வி" என்று இருக்கும். மூன்று பேருடைய பெயரும் பழுதில்லாமல் நிற்கிறது. முன்னால் இருந்த எழுத்து பின்னால் போனது, அவ்வளவுதான். தூத்துக்குடிக்கே வருவோம். 1973இல் இங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்துகளை உண்டாக்கிக் காட்டிய கே. அழகர்சாமி, பட்டியல்களில் "அழகர்சாமி கே" ஆகவே இருக்கிறார். சிப்பிக்குள் மணியைப் பொதித்து முத்து எடுத்தவரின் பெயரை யாரும் அவர் அப்பாவுக்கு மாற்றி எழுதவில்லை.

அந்தத் தலைமுறை இனிஷியலை எழுத்தாகவே வைத்திருந்தது. அதனால் தப்பித்தது. பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. பாஸ்போர்ட் ஆபீஸ் இனிஷியலை ஏற்காது. விரித்து எழுது என்றது. இணையம் வந்ததும் இதழ்கள் பெயருக்கு இரண்டு கட்டம் வைத்தன. 2002 முதல் பப்மெட் தரவுத்தளமும் இதழ்கள் தரும் முழுப் பெயரைச் சேமிக்கத் தொடங்கியது. விரித்து எழுதிய அப்பா, பின்னால் போய் நின்று, குடும்பப் பெயராகிவிட்டார். ஆக, தகராறு வான்கூவரில் இல்லை. கட்டத்தில்தான் இருக்கிறது. எல்லா மனிதருக்கும் ஒரு குடும்பப் பெயர் இருக்கும், அது கடைசியில் நிற்கும் என்று யாரோ மென்பொருள் எழுதியவர் நம்பினார் பாருங்கள், அந்த நம்பிக்கையில் இருக்கிறது.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முத்துக்குளித்துறையைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே ஊரில், ஒரே தெருவில், இரண்டு பெயர் முறைகள் சுமார் ஐந்நூறு வருடமாக அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. 1530களில் இந்தக் கரையின் பரதவர்கள் முத்துக்குளிப்புத் தகராறில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடினார்கள். ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்து சேரும்போது கரையில் புதுப் பெயர்கள் ஏற்கெனவே புழங்கத் தொடங்கியிருந்தன. பர்னாந்து, கோஸ்தா, மோத்தா, மச்சாது, மிராந்தா, வாஸ், ரொட்ரிகோ. இன்றைக்கும் தூத்துக்குடி கடைப் பலகைகளிலும் கல்லறைத் தோட்டத்திலும் நீங்கள் படிக்கிற பெயர்கள்.

ஆகவே முத்துச்செல்வியின் வகுப்புத் தோழி ஜெனிபர் பர்னாந்துவுக்கு அந்தப் படிவத்தில் ஒரு நிமிடம்கூடத் தயக்கம் இருக்காது. ஜெனிபர், பர்னாந்து. பட்டியலில் "பர்னாந்து ஜே". கட்டம் அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி பொருந்தும். ஆனால் ஜே-யில் தொடங்காத பெயர் வைத்த ஒரு பர்னாந்துவை இந்தக் கரையில் தேடிப் பாருங்கள், கொஞ்ச நேரம் ஆகும். ஜோசப், ஜான், ஜூடு, ஜெசிந்தா. எதிர்க்கரையில் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இதே பெயர் கொண்ட டாக்டர்கள் எத்தனை பேர்! எல்லாரும் "பர்னாந்து ஜே". கட்டத்துக்குப் பொருந்தியவரும் கூட்டத்தில் தொலைந்துபோகிறார்.

அந்தக் குடும்பப் பெயர்கள்தான் என்ன, ஆதியிலிருந்தே கல்லில் செதுக்கியவையா? போர்த்துக்கீசியத்தில் பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். ரொட்ரிகஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். அதாவது அவர்களுக்கும் ஒரு காலத்தில் அப்பா இனிஷியல்தான். ஒரு கட்டத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதை நிறுத்தி உறையவிட்டார்கள். நாம் உறையவிடவில்லை. சேவியர் என்பது சவேரியார் பிறந்த கோட்டையின் பெயர். ஸ்பெயினில் நவார்ரே பகுதியில் இன்னும் இருக்கிறது. கோபாலசமுத்திரம் மாதிரி ஓர் ஊர்ப்பெயர். அந்த ஊர்ப்பெயரை நம் கரையில் பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயராக வைத்தோம். இப்போது படிவம் அதை மறுபடி குடும்பப் பெயராக்கப் பார்க்கிறது. புன்னைக்காயலிலிருந்து பணி செய்த, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட பாதிரியாரின் பெயர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். ஹென்ரிக்கின் மகன் ஹென்ரிக். நம் முறையில் எச். ஹென்ரிக். முன்னால் பின்னால் எப்படிப் புரட்டினாலும் அவர் அவராகவே இருப்பார். இந்தக் கரையில் லாஸ்ட் நேம் கட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாத ஒரே ஆசாமி அவராகத்தான் இருக்கும்.

நம் வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று: 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' எழுதிய ஆர். என். ஜோ டி குரூஸ். முன்னால் தமிழ் இனிஷியல், பின்னால் போர்த்துக்கீசியப் பெயர். இரண்டு முறையும் ஒரே ஆளிடம். ஒரு மேற்கோள் மென்பொருளில் அவர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். டி குரூஸ் என்பதா, குரூஸ் மட்டுமா, டி எந்தப் பக்கம், ஆர் என் எங்கே போகும்? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஆள் வெளியே வருவார்.

இனி, தமிழர்களுக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை என்ற கேள்விக்கு வருவோம். வெள்ளைக்கார எடிட்டர் அல்ல, நம் ஆட்களே "நமக்குச் சரியான நேமிங் சிஸ்டம் இல்லப்பா" என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இல்லாமல் போகவில்லை. தூக்கி எறிந்தோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று தலைமுறைகளில் தமிழ்நாட்டில் படித்தவர்கள் பெயரிலிருந்து பிள்ளையும் முதலியும் நாடாரும் ஐயரும் பெரும்பாலும் உதிர்ந்தார்கள். சாதி போய்விட்டதா என்றால் இல்லை. கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒரு நோயாளி மருத்துவரின் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சாதியைப் படிக்க முடியாத நிலை என்பது இந்தியாவில் சாதாரண விஷயம் இல்லை. வேறு மாநிலங்களில் போய்ப் பாருங்கள்.

அப்படிப்பட்ட ஒரு சமூகத்திடம் வந்து, சிவப்பு நட்சத்திரம் போட்டு, "லாஸ்ட் நேம் கட்டாயம்" என்கிறது ஒரு படிவம். சிலர் அப்பாவை எழுதுகிறார்கள். சிலர் தாத்தாவோடு போன பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துவந்து எழுதுகிறார்கள். அப்படி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "ஃபாரின் ஜர்னல்ல லாஸ்ட் நேம் இல்லாட்டா மதிக்க மாட்டாங்க சார்" என்று பதில். தொண்ணூறு வருடத்துக்கும் முன்னால் மேடையில் நின்று போராடி எடுத்ததை, ஒரு கட்டம் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுக்க வைக்கிறது. இதை ஃபார்மேட் விஷயம் என்று எப்படிச் சொல்வது?

பட்டம் இருந்தால் மட்டும் பெயர் பிழைத்துவிடுமா? முத்துலட்சுமி ரெட்டியை வான்கூவரில் எழுதுங்கள். ரெட்டி எம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் பட்டம் வாங்கியவர், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர், தேவதாசி ஒழிப்புக்காக நின்றவர். அவருடைய பெயரில் மிஞ்சுவது கணவர் குடும்பத்தின் சாதிப் பட்டம். முத்துலட்சுமி ஓர் எழுத்து.

இந்தப் பிரச்சினைக்கு ஏற்கெனவே ஒருவர் விடை எழுதிவிட்டார் என்பதுதான் எனக்கு ஆத்திரம் வருகிற இடம். அவரும் தமிழர், நூலகர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1934இல், நூற்பட்டியல் தயாரிப்பதற்கான விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். இந்தியப் பெயர்களை எப்படிப் பதிவுசெய்வது என்று அதில் யோசித்து விதி எழுதியிருக்கிறார். பெயரின் முக்கியமான சொல் முன்னால், இனிஷியல்கள் அடைப்புக்குறிக்குள் பின்னால்: ரங்கநாதன் (எஸ் ஆர்). தென்னிந்தியப் பெயரில் கடைசிச் சொல் வெறும் சாதியையோ சமூகத்தையோ குறிப்பதாக இருந்தால், அதற்கு முந்தைய சொல்லோடு சேர்த்து, இயல்பான வரிசையிலேயே எழுத வேண்டும் என்பதுவரை அதில் உண்டு. அந்த விதிப்படி முத்துலட்சுமி ரெட்டி, முத்துலட்சுமி ரெட்டியாகவே பட்டியலில் நிற்பார். வான்கூவர் கூட்டத்துக்கு 44 வருடம் முன்னால் எழுதியது இது. ரங்கநாதனை நூலகவியல் மாணவர்கள் ஐந்து விதிகளுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அவர் பிறந்த மாநிலத்து மருத்துவக் கல்லூரிகளில் ரெஃபரன்ஸ் வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

ஒரு குடும்பத்தைப் பார்ப்போம், எல்லாம் பொதுவெளியில் தெரிந்ததுதான். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் வேதியியல் நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். உலகம் அவரை வெங்கி என்று கூப்பிடுகிறது. ஆனால் மேற்கோள் பட்டியலில் ராமகிருஷ்ணன் வி. ராமகிருஷ்ணன் அவருடைய அப்பா. அப்பாவும் விஞ்ஞானி, பரோடாவில் உயிர்வேதியியல் துறை நடத்தியவர், பட்டியலில் ராமகிருஷ்ணன் சிவி. தங்கை லலிதா கேம்பிரிட்ஜில் காசநோய் ஆராய்ச்சியாளர், ராமகிருஷ்ணன் எல். மூன்று விஞ்ஞானிகள், பட்டியலில் ஒரே அப்பா பெயர். அம்மா ராஜலட்சுமியும் ஆய்வாளர்தான். ஊட்டச்சத்து பற்றிக் கணவரோடு சேர்ந்து எழுதியவர். அவர் மட்டும் "ராஜலட்சுமி ஆர்", சொந்தப் பெயரில். பழைய இனிஷியல் முறை காப்பாற்றியது அம்மாவை. அதேபோல, காசநோய் ஆய்வாளராகத் தொடங்கி உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி வரை போன சௌம்யா, பட்டியலில் சுவாமிநாதன் எஸ். சுவாமிநாதன் யார் என்று உங்களுக்குத் தெரியும், பசுமைப் புரட்சிக்காரர், அவருடைய அப்பா.

இவர்கள் யாரும் என்னிடம் வந்து அழவில்லை. அவரவர் தேர்ந்த பெயர், அவரவர் உரிமை. நோபல் பரிசு வாங்கியவருக்குப் பட்டியலில் யார் பெயர் வந்தால் என்ன, ஊரே தேடிக் கண்டுபிடித்துவிடும். என் கவலை, தேடிக் கண்டுபிடிக்க யாருமில்லாதவர்களைப் பற்றி. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள்படி அவர் பதவி உயர்வுக்குக் காட்டும் கட்டுரையில் முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருக்க வேண்டியிருந்தது. சான்றிதழில் எஸ். முத்துச்செல்வி, கட்டுரையில் சுடலைமுத்து எம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பத்திரத்தில் நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைய வேண்டும். பெண்களுக்கு இன்னொரு கூடுதல் தண்டனை. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். தீசிஸ் எஸ்ஸில், அடுத்த கட்டுரை கே-யில். தரவுத்தளத்துக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி உழைப்பு. (இனிஷியலை மாற்றாதீர்கள் அம்மா என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆதார் மாத்தியாச்சு சார் என்பார்கள். ஆதார் ஆதாராக இருக்கட்டும், கட்டுரைக்குப் பழைய எழுத்தையே வைத்துக்கொள்ளலாம், சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை.)

இதற்குச் சொல்லப்படும் பதில்களில் முதலாவது: வடிவம் என்பது ஒழுக்கம், காற்புள்ளியில் கவனம் இருந்தால் அறிவியலிலும் கவனம் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்து வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது, போர்ட்டர், ஜிக் என்ற இருவர் எழுதியது. மருத்துவமனையில் அபின் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட நோயாளிகளில் அதற்கு அடிமையானவர்கள் மிகக் குறைவு என்றது கடிதம். 2017இல் அதே இதழில் சிலர் எண்ணிப் பார்த்தார்கள். அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அதில் 70 சதவீதத்துக்கு மேல், இந்த மருந்துகளால் அடிமைத்தனம் வருவது அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது. பலர் அது மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்களை மட்டும் பற்றியது என்பதைக்கூடச் சொல்லவில்லை. அமெரிக்காவில் அந்த மருந்துகள் என்ன பாடு படுத்தின என்பது ஊரறிந்தது. அந்த மேற்கோள்களில் எத்தனையில் தொகுதி எண் தப்பாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். தொகுதி 302, பக்கம் 123. படித்தார்களா என்று சோதிக்க விதி இல்லை. புள்ளி வைத்தார்களா என்று சோதிக்க விதி உண்டு. அந்த ஒழுக்கத்தை எனக்குப் பாடம் எடுக்க வராதீர்கள்.

இரண்டாவது பதில்: ஆர்சிட் இருக்கிறதே. 2012இல் வந்த 16 இலக்க ஆய்வாளர் எண். நல்ல ஏற்பாடு, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம். ஆனால் ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்த எண் அச்சாகாது. அங்கே பெயர்தான். மனிதர்கள் படிப்பது பெயரைத்தான். 'உன் பெயரை நாங்கள் சிதைத்தாலும் உனக்கொரு எண் கொடுத்திருக்கிறோம்' என்பது சிறைச்சாலையில் செல்லுபடியாகிற வாதம்.

மூன்றாவது: உலகத்துக்கெல்லாம் ஒரு விதி, தமிழனுக்கு மட்டும் தனி விதியா? தனி விதிகள் ஏற்கெனவே உண்டு. 'வான் டெர்' போன்ற டச்சு முன்னொட்டுகளை எங்கே வைப்பது என்று விதி இருக்கிறது. அமெரிக்கன் ஒருவன் தன் பெயரையே மகனுக்கும் வைத்தால் 'ஜூனியர்' என்று பட்டியலில் சேர்க்க விதி இருக்கிறது. பேரனுக்கும் வைத்தால் 'மூன்றாமவர்' என்று போடவும் விதி இருக்கிறது. அப்பன் பெயரா பிள்ளை பெயரா என்ற குழப்பம் அவர்களுக்கு வந்தால் விதி. நமக்கு வந்தால் அலுப்பு. ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் நம்மைப்போலத்தான், அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள், குடும்பப் பெயர் கிடையாது. அவர்கள் ஊர் டெலிபோன் புத்தகத்தில் சொந்தப் பெயர்தான் முதலில் இருந்தது. அவர்களுடைய புகழ்பெற்ற மரபணு ஆய்வாளர் காரி, உலகப் பட்டியல்களில் ஸ்டெபான்சன் கே, அதாவது ஸ்டெபானின் மகன். ஆகவே இது தமிழனின் அழுகை மட்டுமில்லை.

மாற்ற முடியாது என்பதும் பொய். 2020-21 வாக்கில் திருநர் ஆய்வாளர்கள் விடாமல் கேட்டதால், பெரிய பதிப்பகங்கள் பல, வெளியான கட்டுரைகளில்கூடப் பெயரைச் சத்தமில்லாமல், திருத்த அறிவிப்பு போடாமல், மாற்றிக் கொடுக்க ஒத்துக்கொண்டன. அதுவரை 'பதிவேட்டின் புனிதம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். கேட்டார்கள், வளைந்தது. நாம் கேட்கவில்லை. இத்தனை மருத்துவக் கல்லூரிகளை வைத்துக்கொண்டு, இத்தனை ஆயிரம் தீசிஸ்களை அச்சடித்துக்கொண்டு, ஒரு கடிதம்கூட எழுதாமல், லாஸ்ட் நேமில் அப்பாவைப் போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. படிவத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம்: 'மேற்கோளில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும்?' அங்கே எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள். அதுவரைக்கும், இப்போது படிவம் நிரப்பப் போகிறவர்களுக்கு: ஃபர்ஸ்ட் நேமில் எஸ் போடுங்கள், லாஸ்ட் நேமில் முத்துச்செல்வி என்று முழுசாகப் போடுங்கள். பட்டியலில் முத்துச்செல்வி எஸ் என்று வரும். இதழ் உங்களுக்கு 'டியர் டாக்டர் முத்துச்செல்வி' என்று கடிதம் போடும், அதுதான் உங்கள் பெயர். பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், கட்டுரை விமானம் ஏறப்போவதில்லை. சில தளங்கள் ஒற்றை எழுத்தை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். அப்போது எடிட்டருக்கு மின்னஞ்சல் போடுங்கள். ஒருவர் போட்டால் தொந்தரவு. நூறு பேர் போட்டால் அவர்கள் கூட்டத்தில் அது ஒரு அஜெண்டா.

வெளிநாட்டு இதழ்களுக்கு எழுதுவதற்கு முன்னால் இந்திய இதழ்களிடமிருந்தே தொடங்கலாம். நம் நகரங்களிலிருந்து நடத்தப்படும் மருத்துவ இதழ்களிலும் அதே இறக்குமதி மென்பொருள், அதே இரண்டு கட்டம், அதே சிவப்பு நட்சத்திரம். அவற்றின் ஆசிரியர் குழுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பலருடைய பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் இருக்கும்.